அம்மாவின் இரவுக் குளிசை

ஜூலை 9, புதன்
அம்மா தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்துவிட்டது. 1990 அம்புலன்ஸுக்கு அடித்து, ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தோம். வீக்கம் வற்றினால்தான் ஒப்பரேஷனாம். கிளினிக் கொப்பியைக் கொடுத்தோம்: பிரஷர், சீனி, இரவில் தூங்க குளோனாசெபாம் குளிசை 2 மில்லிகிராம். அப்பா போனதிலிருந்து அது இல்லாமல் அம்மா படுத்ததில்லை. வீட்டுக் குளிசைகளை நர்ஸ் மிஸ்ஸி திருப்பித் தந்துவிட்டார். எல்லாம் வாட்டிலேயே கொடுப்பார்களாம்.

ஜூலை 12, சனி
அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. இந்த மழைக்குளிரிலும் வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. இரவுக் குளிசை கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். கொடுக்கிறோம் என்றார்கள். நான் கேட்டது அரைகுறைச் சிங்களம், அவர்கள் சொன்னது அவசரச் சிங்களம்.

ஜூலை 14, திங்கள்
என்னை அடையாளம் தெரியவில்லை. போர்வை நூலைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்கு மேலால் பின்னே போடுகிறார். முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை இருக்கிறதாம். "நிறுக்கப் போறாங்க, நீ ஏன் சும்மா நிக்கிற?" என்று என்னை ஏசினார். டொக்டர், வயது போனால் இப்படித்தான் என்றார். குடிப்பாரா என்றும் கேட்டார். தோட்டத்து ஆள் என்றால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கைகளைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள்.

இரவு வலிப்பு வந்தது.

ஜூலை 15, செவ்வாய்
புதிதாக வந்த தமிழ் டொக்டர் பிள்ளை, கொப்பியையும், வாட்டில் மருந்து எழுதும் டிக்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டிக்கட்டில் பிரஷரும் சீனியும்தான். குளோனாசெபாம் கொப்பியில் அடுத்த பக்கத்தில் இருந்தது, யாரும் திருப்பவில்லை.

வருடக்கணக்கில் இந்தக் குளிசைக்குப் பழகிய மூளை, அதைத் திடீரென்று நிறுத்தினால் கட்டுக்கடங்காமல் போகுமாம். குடியை விட்டவருக்கும் இதே நடுக்கம், இதே வலிப்புதானாம். அந்தக் கேள்வி அவ்வளவு கிட்ட வந்தும் குளிசைப் பக்கம் போகவில்லையே! இந்த மருந்தில் பாதி உடம்பை விட்டுப்போகவே 30, 40 மணித்தியாலம் ஆகும். அதனால் கோளாறு சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும், யாருக்கும் சந்தேகம் வராது.

ஜூலை 18, வெள்ளி
குளிசை திரும்பத் தொடங்கியாயிற்று. அம்மா நன்றாகத் தூங்கினார். எழுந்ததும் பிளேன்டீ கேட்டார், சீனியோடு! அப்புறம் மணிக்கட்டுத் தழும்பைக் காட்டி, இது என்ன என்றார்.

தம்பி போனில் தேடிப் படித்தான். 2020 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இந்த வகை மருந்துகளைத் திடீரென நிறுத்துவது உயிராபத்து என்று கட்டம் போட்டு எச்சரிக்கச் சொல்லியிருக்கிறது. விடுவதானால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விடவேண்டும்.

ஜூலை 26, சனி
ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்டில் எலும்பு முறிவு இருக்கிறது, வலிப்பும் இருக்கிறது. குளிசை நின்றது பற்றி ஒரு வரி இல்லை. அதையும் எழுதித் தரும்படி தம்பி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதுகிறான், சிங்களத்தில்.