காம்போதிக்கு 15 நிமிஷம்

ஜூன் 2, மும்பை செம்பூர்
போட்டி ரூல்ஸ் வந்துடுச்சு. வீணையில, தாளம் இல்லாம ராகத்தை விரிக்கற ஆலாபனை, அதையே லயத்தோட மீட்டற தானம், பல்லவி ஒரு வரி, ஸ்வரம், எல்லாம் சேர்த்து 15 நிமிஷம், மணி அடிச்சா நிறுத்திடணும். ராகம் நம்ம இஷ்டம். காம்போதி தான், அதுல யோசனையே இல்ல. எழுதி வெச்சு வாசிக்கறதா, மேடையில உக்காந்ததும் வர்றதை வாசிக்கறதா, அது தான் மண்டையைக் குடையுது.

ஜூன் 3
சொசைட்டி மீட்டிங். மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் கட்டடத்தைக் காலி பண்ணணுமாம்.

ஜூன் 6
மாட்டுங்கா போய் டீச்சர் கிட்டயே கேட்டுட்டேன். "ஆலாபனையை எழுதி மனப்பாடம் பண்ணிட்டா அப்புறம் மனோதர்மம்னு, அப்பப்போ தோணறதை வாசிக்கறோம்னு, எதுக்குடி சொல்லிக்கணும்"னாங்க. அங்க பதில் பேசல, ஆனா திரும்பி வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ள பேசிட்டே வந்தேன். கோர்வையை, அதான் முடிவுல தாளத்தோட கணக்காப் பொருந்தற கட்டை, எல்லாரும் வீட்டுல கணக்கு போட்டுத் தானே எடுத்துட்டு வர்றாங்க, மிருதங்கத்தோட தனி ஆவர்த்தனத்துல கடைசியா விழுற பெரிய கோர்வை அந்த நொடியில பிறந்ததா என்ன, அதுக்கு சபையே கைதட்டுதே. தஞ்சாவூர் சரஸ்வதி மஹால்ல மராட்டிய ராஜா சாஹஜி காலத்துச் சுவடி இருக்கு, அதுல ஆலாபனையையே ஸ்வரம் ஸ்வரமா எழுதி வெச்சிருக்காங்க. சுப்பராம தீக்ஷிதர் 1904-ல போட்ட புஸ்தகத்துல ராகத்துக்கு ராகம் அதோட போக்கைக் காட்டற சஞ்சாரி எழுதிக் கொடுத்திருக்கார். எழுதறது பாவம்னா இவங்க எல்லாம் எதுக்கு எழுதினாங்க.

ஜூன் 9
முழு ஆலாபனையையும் நோட்டுல எழுதி வாசிச்சுப் பாத்தேன். ம க ப த ஸா, எழுத்துல அஞ்சு ஸ்வரம், அவ்ளோ தான். காந்தாரத்துல, அந்த க-வுல, எவ்ளோ நேரம் நிக்கணும், தந்திக்கு அடியில இருக்கற ஒரே மெட்டுல விரலை வெச்சுத் தந்தியை இழுத்து அடுத்த ஸ்வரத்தைப் பிடிக்கறப்ப எங்க விடணும், அது எதுவும் நோட்டுல ஏறல. கை பஞ்சமத்துல இருக்கு, கண்ணு அதுக்குள்ள அடுத்த வரிக்குப் போயிடுது. ராகம் கேக்குது, ஆனா அது எங்கயும் உக்காரல.

ஜூன் 10
மழை ஆரம்பிச்சாச்சு. தந்தியை முறுக்கற பிருடை இறுகிப் போய் திருகவே வரல.

ஜூன் 13
ராத்திரி தூக்கமே இல்ல. மேல் ஃப்ளோர்ல காலையிலேயே ஜன்னல் எல்லாம் உடைச்சு எடுக்கறாங்க, அந்த சத்தத்துல மந்தர ஸ்தாயி, அந்தக் கீழ் ஸ்வரம் எல்லாம், காதுக்கே வரமாட்டேங்குது. நோட்டை மூடி வெச்சுட்டு சும்மா வாசிச்சேன், அப்படி ஒரு சுகம், ஆனா கடிகாரத்தைப் பாத்தா ஒன்பது நிமிஷம் ஓடிப் போச்சு, இன்னும் மேல் ஸட்ஜத்தையே தொடல! கச்சேரின்னா பரவால்ல. போட்டியில மணி அடிச்சுடுவாங்களே.

நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை மணிக்கணக்கா வாசிப்பாராம். அதே மனுஷன் இசைத்தட்டுக்கும் தோடி கொடுத்திருக்கார், அந்தக் காலத்துத் தட்டு ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல தான் தாங்கும். கேட்டா அவசரமே தெரியல, முழுத் தோடியும் அதுக்குள்ள உக்காந்திருக்கு. அதைத் தான் நாள் பூரா திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அவ்ளோ சின்ன நேரத்துல எதை விடறதுன்னு எப்படி முடிவு பண்ணார்?

ஜூன் 14
அண்ணா அனுப்பின அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் கீத் ஜாரெட்டோட ரெக்கார்டிங்கைக் கேட்டேன். 1975, ஜெர்மனியில கொலோன், தனியா பியானோ, ஒரு மணி நேரத்துக்கு மேல, எதுவும் எழுதி எடுத்துட்டுப் போகல. அப்புறம் 1991-ல அதை நொட்டேஷனாப் போட்டப்ப, ரெக்கார்டிங் தான் கடைசி ஆதாரம்னு சொல்லித் தான் சம்மதிச்சாராம். அது எனக்கு நல்லாவே புரியுது, காந்தாரம் காகிதத்துல ஏறாது.

ஜூன் 17
நல்ல நாள். பிடி, அதான் ராகத்தைக் காட்டற ஸ்வரக் கோவை, எதையும் எழுதல, நிக்கற இடத்தை மட்டும் எழுதினேன். ரெண்டாவது நிமிஷத்துக்குள்ள பஞ்சமம், நாலுக்குள்ள தைவதம், ஆறுல மேல் ஸட்ஜம், எட்டுல தானம். நடுவுல எந்த வழியாப் போறேங்கறது அன்னிக்குக் கை சொல்றது. ஸா நி ப த ஸா, காம்போதிக்கு வெளியில இருந்து வர்ற அந்தக் காகலி நிஷாதம் தானா வந்து விழுந்துச்சு, நான் கூப்பிடவே இல்ல. தானத்துல சுண்டுவிரல் தாளத் தந்தியைத் தட்டறப்ப அம்மா பாத்திரம் கட்டறதை நிறுத்திட்டு வாசல்ல வந்து நின்னாங்க.

ஜூன் 18
எழுதி வாசிச்சா ஜட்ஜுக்குத் தெரியுமா? பஞ்சமத்துல நிக்கறப்பவே தெரிஞ்சுடும்னு தோணுது.

ஜூன் 20
கோர்வையை எழுதியே ஆகணும், இதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆதி தாளம் ரெண்டு ஆவர்த்தனம், அதாவது ரெண்டு சுத்து, 64 மாத்திரை. முதல்ல 8, 6, 4, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி 2 மாத்திரை கார்வை, அதான் நிக்கற இடைவெளி, அது 24 ஆச்சு. மிச்சம் 40, அதுக்கு 12 மூணு தடவை, நடுவுல ரெண்டு கார்வை, ஒவ்வொண்ணும் 2. தாளம் ஆரம்பிக்கற சமத்துல வந்து பொருந்துது. இதை மேடையில உக்காந்து கண்டுபிடிக்கறேன்னு காமிக்கறது எனக்குப் பிடிக்கல, இது செஞ்சு வெச்ச பொருள், அந்த அழகோடவே கொடுக்கணும்.

ஜூன் 22
வாடகை வீடு காட்கோபர்ல கிடைச்சிருக்கு. லிஃப்ட் கிடையாது. வீணைப் பெட்டி படியில திரும்புமான்னு அம்மா கயிறை வெச்சு அளந்துட்டு வந்தாங்க.

ஜூன் 23
மிருதங்கம் வாசிக்கற அண்ணா போன் பண்ணார். பல்லவியை சமத்துல எடுக்காம அரை இடம் தள்ளி எடுத்தா இன்னும் நல்லா இருக்குமாம். பாடிப் பாத்தேன், அவர் சொல்றது சரி. அப்படின்னா 2 மாத்திரை கூடி கோர்வை 66 வரணும். பின்பாதியில நடுக் கார்வை ரெண்டையும் மூணாக்கினாப் போதும், 36-ம் 6-ம் 42, வேற எதையும் தொட வேண்டாம். ஆலாபனை நோட்டை அட்டைப் பெட்டியில போட்டு டேப் ஒட்டியாச்சு. நாளைக்கு டெம்போ எட்டு மணிக்கு, அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது 66-ஐ அவரோட உக்காந்து