தொடாமல் தாங்குவது

விமானத்துக்கான திரவ ஹைட்ரஜன் தொட்டியை வடிவமைக்கும் குழுவில் சேர்ந்த முதல் வாரமே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு வாட் வெப்பம் தொட்டிக்குள் போனால் போதும், ஒரு நாளில் ஏறத்தாழ 190 கிராம் ஹைட்ரஜன் கொதித்து ஆவியாகிவிடும். பழைய 60 வாட் குண்டு பல்பின் சூடு முழுவதும் உள்ளே இறங்கினால், நாளுக்கு 11 கிலோவுக்கு மேல் போய்விடும். அன்றிலிருந்து எந்த போல்ட்டைப் பார்த்தாலும் இதன் வழியாக எத்தனை வாட் நுழையும் என்றுதான் மனம் கேட்கிறது.

அதற்கு முன் எட்டு வருடம் சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் எல்என்ஜி, அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு, செல்லும் குழாய்களோடு வேலை. அது −162 டிகிரி செல்சியஸ், ஹைட்ரஜன் −253. இன்னும் தொண்ணூறு டிகிரி கீழே போக வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துத்தான் வந்தேன். ஆனால் எல்என்ஜி குழாயின் மேல் காற்றிலுள்ள ஈரம்தான் உறையும். மூடாத ஹைட்ரஜன் குழாயின் மேல் காற்றே திரவமாகிச் சொட்டும். ஆக்ஸிஜன் −183-லேயே திரவமாகிவிடுவதால் அந்தச் சொட்டில் அது மிகுந்திருக்கும். கீழே எண்ணெய்ப் பிசுக்கோ தாரோ இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து.

இவ்வளவு பாடு எதற்கு? எடைக்கு எடை பார்த்தால் விமான மண்ணெண்ணெயைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஆற்றல் ஹைட்ரஜனில் இருக்கிறது. எரியும்போது கார்பன் இல்லை. ஆனால் ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜன் வெறும் 71 கிராம். அதே ஆற்றலுக்கு நான்கு மடங்கு இடம் வேண்டும். இறக்கைக்குள் அடங்காது. 1988 ஏப்ரல் 15 அன்று சோவியத் யூனியனில் பறந்த டியூ-155 விமானத்திலும் தொட்டியைப் பயணிகள் அறையின் பின்பகுதியில்தான் வைத்தார்கள்.

ஜேம்ஸ் டூவார் 1898-இல் முதன்முதலாக ஹைட்ரஜனைத் திரவமாக்கியபோது கையில் இருந்த யுக்தியைத்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம்: தொட்டிக்குள் தொட்டி, நடுவில் வெற்றிடம். வீட்டு தெர்மாஸ் பிளாஸ்க்கும் அதேதான். ஆய்வகத்தில் ஓரிடத்தில் நிற்கும் குடுவைக்கு அது போதும். விமானத்தில் உள்தொட்டியை ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டுமே! அவசரத் தரையிறக்கத்தில் முன்னோக்கி 9 மடங்கு எடையை அந்தப் பிடிமானம் தாங்க வேண்டும் என்பது பெரிய பயணிகள் விமானங்களுக்கான விதி. தாங்கியைத் தடிமனாக்கினால் வெப்பம் நுழைகிறது, மெலிதாக்கினால் உடைகிறது. போதாததற்கு, குளிர்ந்ததும் அலுமினியத் தொட்டி மீட்டருக்கு 4 மில்லிமீட்டர் சுருங்கும். தாங்கிகள் அதற்கும் வளைந்து கொடுக்க வேண்டும். எங்கள் சண்டை முழுக்க இதற்குள்தான்.

சிறிய மாதிரித் தொட்டி ஒன்றை முதலில் திரவ நைட்ரஜனை ஊற்றிச் சோதித்தோம். தராசில் ஏற்றி, எடை குறையும் வேகத்தை மூன்று நாள் பார்த்தோம். கணக்கிட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆவியாகிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கமே போய்விட்டது. வெற்றிடத்தில்தான் ஓட்டை என்று நம்பி வெளியே ஹீலியம் வாயுவை அடித்து, அது உள்ளே கசிகிறதா என்று இரண்டு வாரம் தேடினோம். ஒன்றும் இல்லை.

சரி என்று வெளித்தொட்டியைத் திறந்தோம். உள்தொட்டியைச் சுற்றி அலுமினியம் பூசிய மெல்லிய தாள், கொசுவலை போன்ற பாலியெஸ்டர் வலை என்று மாற்றி மாற்றி 40 அடுக்கு இருக்கும். கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் கனம் வர வேண்டும். அளந்தால் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

சுற்றியவர் அறந்தாங்கிக்காரர். கப்பல் பட்டறைகளில் இருபது வருடம் குழாய்களுக்கு லேகிங், அதாவது வெப்பம் போகாமல் தடுக்கும் உறை, சுற்றிய கை. "இறுக்கமாச் சுத்துனாத்தானே தம்பி சூடு போகாது? போர்வைய இழுத்துப் போர்த்துற மாதிரி" என்றார். அவர் தொழிலில் அதுதான் சரி. இங்கே தலைகீழ். ஒவ்வொரு தாளும் தன்மேல் விழும் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும். தாள்கள் ஒன்றையொன்று அழுத்தினால் வெப்பம் தொட்டுத் தொட்டு உள்ளே போய்விடும். "அண்ணே, இது தொடக்கூடாத போர்வை" என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். என் வரைபடத்தில் 40 அடுக்கு என்றுதான் இருந்தது. எவ்வளவு கனம், ஏன் தளர்வாக என்று ஒரு வரிகூட இல்லை. தவறு முழுவதும் என்னுடையது. இரண்டாம் முறை அவரே சுற்றினார், அடுக்குக்கு அடுக்கு அளவெடுத்து. ஒரு தாளில்கூடச் சுருக்கம் இல்லை.

2022-இல் சாங்கி விமான நிலையக் குழுமமும் ஏர்பஸும் லிண்டே என்ற தொழில்துறை வாயு நிறுவனமும் விமானப் போக்குவரத்து ஆணையமும் சிங்கப்பூரில் ஹைட்ரஜன் மையம் அமைப்பதைப் பற்றி ஆராய ஒப்பந்தம் போட்டபோது வீட்டில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தேன். 2035-இல் ஹைட்ரஜன் விமானம் என்ற ஏர்பஸின் இலக்கு 2025-இல் தள்ளிப்போனபோது மனம் சோர்ந்தது. ஆனாலும் இந்த வேலையை விட்டுப் போக மனமில்லை. எப்போது பறந்தாலும் யாராவது ஒருவர் இந்தத் தொட்டியைச் சரியாகச் செய்திருக்க வேண்டும்.

இரண்டாம் சோதனையில் எடை குறையும் வேகம் கணக்குக்குப் பக்கத்தில் வந்தது. மிச்ச வித்தியாசம் தாங்கிகளில் இருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு எங்கே குளிர் கசிந்தாலும் அங்கே உடனே வேர்த்துவிடும். அண்ணன் காலையில் வந்ததும், தாங்கிகள் வெளித்தொட்டியோடு சேரும் எட்டு இடங்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். நேற்று ஓரிடத்தில் லேசாக ஈரம் என்றார். அந்தத் தாங்கியைத்தான் இன்று மாற்றி வரைந்துகொண்டிருக்கிறேன்.