இருபது கொண்டை ஊசி வளைவும் ஒரு நகக்கண்ணும்: ஏற்காட்டில் ரத்த ஓட்ட மாநாடு

சேலம் ஜங்ஷன் வாசலில் ஏற்காட்டுக்கு ஒரு கார் டிரைவர் கேட்ட தொகை 3,500 ரூபாய். முப்பது சொச்சம் கிலோமீட்டருக்கு! "மேல இருந்து காலியாத்தானுங்க எறங்கணும்" என்பது முதல் காரணம். தெர்மாகோல் பெட்டியைப் பார்த்ததும் "மீனுங்களா? அப்பச் சேத்து 500 குடுத்துருங்க, வாடை போகாது" என்பது இரண்டாவது. மீன் இல்லை, ரத்தப் பரிசோதனைச் சாமான் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் மீன் என்றே ஒப்புக்கொண்டிருக்கலாம். தொகை 4,200 ஆகிவிட்டது.

ரத்த ஓட்டம், அதிலும் குறிப்பாகத் தந்துகி (உடலின் மிக மெல்லிய ரத்தக் குழாய்) அளவிலான நுண் ஓட்டம் பற்றிய மூன்று நாள் சர்வதேச மாநாடு. எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன தின்பது, எந்த அமர்வு உருப்படி என்று வரிசையாக எழுதத்தான் திட்டம். வரிசை எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று பார்க்கலாம்.

பஸ்ஸிலேயே போங்கள். புதிய பஸ் ஸ்டாண்டில் அரசு பஸ் கிடைக்கும். கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. காருக்குக் கேட்கிற காசில் ஒரு குழுவே போய்த் திரும்பி, நடுவில் சாப்பிட்டும் விடலாம். ஆனால் பெட்டியோடு கடைசி சீட்டுக்குப் போகாதீர்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடும். நடு பஸ்ஸில், இரண்டு அச்சுக்கும் இடையில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே, கீழேயே ரத்தம் எடுத்து வைத்த சோதனைக் குழாய்கள் நிமிர்ந்தே இருக்கட்டும். ஐஸ் கட்டியில் நேராகப் படவே கூடாது. பட்ட பக்கம் செல் உடைந்து, மேலே போய்த் திறக்கும்போது பிளாஸ்மா, அதாவது செல்கள் மிதக்கும் மஞ்சள் திரவம், இளஞ்சிவப்பாக நிற்கும். அதற்குப் பிறகு அந்த ரத்தத்தை வைத்து ஓட்டம், பிசுக்குமை (ஓட விடாமல் இழுக்கும் குழைவு), செல்லின் நெகிழ்வு எதையும் அளக்க முடியாது. ரத்தத்தின் ஓட்டத்தன்மையை அளப்பதாக இருந்தால் எடுத்த 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் ஒன்றரை மணி நேரம் மலையேறுவதிலேயே போய்விடும்.

அப்படியானால் மேலேயே போய் ரத்தம் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் பெரிய வில்லங்கம்.

வெற்றிடக் குழாய், அதாவது லேபில் ஊசியைக் குத்தியதும் தானாக ரத்தத்தை இழுத்துக்கொள்ளும் கலர் மூடிக் குழாய், தாழ்ந்த இடத்துக் காற்றழுத்தத்தைக் கணக்குப் பண்ணிச் செய்யப்பட்டது. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. குழாய்க்கு உள்ளே இருக்கும் மிச்சக் காற்று அதேதான், வெளியே தள்ளும் அழுத்தம்தான் குறைந்துவிட்டது. அதனால் ரத்தம் கோடு வரை ஏறாமல் நின்றுவிடும். குழாயைப் பொறுத்துப் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோகூடக் குறையலாம். ரத்தம் உறையாமலிருக்க உள்ளே மருந்து போட்ட குழாய்களில், இடிடிஏ குழாயில் இது பெரிய சேதமில்லை. சிட்ரேட் குழாயில் வம்பு. உறைதல் சோதனைக்கு 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட், செல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கீழே இறங்குகின்றன என்று பார்க்கும் ஈஎஸ்ஆர் சோதனைக்கு 4 பங்குக்கு 1. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சும். உறையும் நேரம் பொய்யாக நீளும், ஈஎஸ்ஆரில் ரத்தம் நீர்த்துவிடும்.

பயிற்சி மேசையில் முதல் நாள் இதுவே நடந்தது. ஆறு குழாயும் கோட்டுக்குக் கீழே. ஊசி சரியில்லை, நரம்பு சரியில்லை என்று அரை மணி நேரம் வாதம் நடந்த பிறகுதான் ஒருவர் உயரத்தை நினைவுபடுத்தினார். தீர்வு எளிது: சாதா சிரிஞ்சில் எடுங்கள், ஊசியைக் கழற்றுங்கள், குழாயின் மூடியைத் திறந்து ஓரமாக மெதுவாக ஊற்றி கோடு வரை நிரப்புங்கள். ஊசியோடு அழுத்திப் பீய்ச்சினால் செல் உடையும். பிறகு ஐந்தாறு தடவை தலைகீழாக்கிக் கலக்குங்கள், குலுக்காதீர்கள்.

ஈஎஸ்ஆர் மேசைக்கு இன்னொரு கேடு, மேசையேதான். ஈஎஸ்ஆர் பார்க்கும் வெஸ்டர்கிரென் குழாய் 200 மில்லிமீட்டர் அளவு கொண்டது, ஒரு மணி நேரம் செங்குத்தாக நிற்க வேண்டும். 3 டிகிரி சாய்ந்தாலே அளவு 30% வரை கூடிவிடும். செல்கள் சாய்ந்த சுவரில் ஒதுங்கிச் சறுக்கி இறங்க, மறுபக்கமாகப் பிளாஸ்மா மேலே ஏறும். அந்த விடுதி ஹாலின் தரை பழைய பங்களாத் தரை, மலைச்சரிவோடு அதுவும் சரிந்திருந்தது. இரண்டு காலுக்கு அடியில் மாநாட்டு நிரலை மடித்துக் கொடுத்ததும் சரியானது. அந்த நிரலின் உருப்படியான உபயோகம் அது ஒன்றுதான். நேரம் எதுவும் அதில் போட்டபடி நடக்கவில்லை. காலையில் ஹால் 17 டிகிரி வேறு. ஈஎஸ்ஆர் 18-லிருந்து 25 டிகிரிக்குள் பார்க்க வேண்டியது, குளிரில் செல் மெதுவாக இறங்கும்.

இனி எதற்காகப் போனதோ அது. நகக்கண் நுண்நோக்கி.

உடலில் தோலை வெட்டாமல் தந்துகியைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் சில இடங்களில் நகக்கண் ஒன்று. மற்ற இடங்களில் தந்துகி தோலுக்குச் செங்குத்தாக நிற்பதால் நுனி மட்டும் புள்ளியாகத் தெரியும். நகத்தின் அடியோரத்தில் அது படுத்துக்கொள்கிறது. மேலே போய், வளைந்து, திரும்பி வருகிற முழு வளைவும் தெரியும். வடிவம் அசல் கொண்டை ஊசி. அத்தனை ஊசியும் வரிசையாக, ஒரு மில்லிமீட்டருக்கு ஏழுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். வளைவு 50 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல் வீங்கியிருந்தால் ராட்சதத் தந்துகி; தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா நோயை ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுப்பது அதுதான். ஏற்காட்டில் அதைப் பார்க்கும்போது கீழே கடந்து வந்த வளைவுகள் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

எப்படிப் பார்ப்பது? 200 மடங்கு பெருக்கும் யூஎஸ்பி நுண்நோக்கி போதும். மோதிர விரலும் சுண்டு விரலும்தான் நன்றாகத் தெரியும், அதுவும் அதிகம் வேலை செய்யாத கையில். நகப்பாலிஷ் கூடாது. நகத்தோரச் சதையைக் கத்தரித்திருக்கவும் கூடாது. பச்சை வெளிச்சம் நல்லது. ஹீமோகுளோபின் பச்சையை விழுங்குவதால் செல்கள் கறுப்பாகத் தனித்து நிற்கும். தோலின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், இல்லையென்றால் சொரசொரப்பில் வெளிச்சம் சிதறும். லென்ஸ் முனையால் அழுத்தாதீர்கள், அழுத்தினால் ஓட்டம் நின்று நீங்களே ஒரு நோயை உண்டாக்கிவிடுவீர்கள்.

எண்ணெயில்தான் மலை விளையாடியது. பாரஃபின் எண்ணெய் பாட்டில் வழியில் கசிந்து தீர்ந்துவிட, விடுதிச் சமையல்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் வந்தது. சேலத்தில் அது அருமையாக வேலை செய்யும். மேலே, 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. விரலில் விட்ட சொட்டு கண்ணெதிரே பால் போல வெளுத்து, திரையில் மார்கழிப் பனிமூட்டம். உருக்கி விட்டால் இரண்டு நிமிஷத்தில் மறுபடி வெளுப்பு. கடைசியில் கைகொடுத்தது நல்லெண்ணெய். கொஞ்சம் மஞ்சள்தான், ஆனால் உறையாது.

எண்ணெய் சரியானதும் அடுத்த தலைவலி, விரலே ஜில்லென்று இருந்தது. குளிரில் சிறு தமனிகள் சுருங்கிக்கொள்ளும். தந்துகியில் செல் வரவே வராது, வரிசையில் பாதி ஊசிகளைக் காணோம். இருபது நிமிஷமாவது வெதுவெதுப்பான அறையில் சும்மா உட்கார்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் சில மணி நேரம் சிகரெட்டும் காபியும் கூடாது. கூடாதுதான், ஆனால் வந்திருக்கும் ஊர் எது? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடி கொண்டுவந்து வைத்த மலை! ஹால் வாசலிலேயே டிகாஷன் மணக்கிறது. வெளிநாட்டு விருந்தாளிகள் ஆளுக்கு மூன்று டம்ளர் குடித்துவிட்டு விரலை நீட்டினார்கள். நடைமுறையில் சரிப்பட்டது இது: டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், குடிக்காதீர்கள். பத்து நிமிஷத்தில் விரல் 30 டிகிரி தாண்டிவிடும். தோல் வெப்பத்தைக் குறித்து வைக்க மறக்க வேண்டாம், நாளைக்கு வேறு படத்தோடு ஒப்பிட அது இல்லாமல் முடியாது.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தந்துகியில் செல் நொடிக்கு அரை முதல் 1 மில்லிமீட்டர் ஓடும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில், 1 மில்லிமீட்டர் வேகத்தில் செல் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 33 மைக்ரான் தாண்டிவிடும். செல்லுக்கும் செல்லுக்கும் உள்ள இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால் எது எந்தச் செல் என்றே பிடிபடாது, சில சமயம் ரத்தம் பின்னால் ஓடுவது போலக்கூடத் தெரியும். ஒரு சுவரொட்டியில் அப்படி ஒரு 'பின்னோட்டம்' கண்டுபிடிப்பாகவே ஒட்டப்பட்டிருந்தது. பாவம்.

சிலிக்கோன் ரப்பர் சில்லில் 10 மைக்ரான் கால்வாய் வெட்டி, அதில் ரத்தம் ஓட்டிக் காட்டும் மேசையும் இருந்தது. சேலத்தில் தயாரித்த உப்புக்கரைசல் மேலே வந்தும் அமைதியாக இருக்கும், ஏனென்றால் அழுத்தம் குறைந்தாலும் குளிர்ந்த நீர் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில்லை 37 டிகிரிக்குச் சூடாக்கினீர்களோ, கால்வாய் முழுக்கக் குமிழி. குமிழி அடைத்த கால்வாயைக் காப்பாற்றுவது கஷ்டம், பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். சிரிஞ்சின் வாயை அடைத்து, தண்டை இழுத்துப் பிடித்துத் தட்டித் தட்டி மேலேயே காற்றை வெளியேற்றுங்கள். செல் சுவரில் ஒட்டாமலிருக்கக் கரைசலில் 1% ஆல்புமின் புரதம். சிரிஞ்சைப் படுக்க வைத்தால் செல்கள் அடியில் தங்கி, அரை மணியில் வெறும் கரைசல்தான் வரும். சூடாக்கும் தண்ணீர்த் தொட்டியான வாட்டர் பாத்தைச் சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், ஹீட்டர் இழுப்பில் அது உடனே படுத்துவிடும். பம்புக்கும் கேமராவுக்கும் மட்டும் யுபிஎஸ்.

பேச்சுகளைப் பற்றி அதிகம் இல்லை. துவக்க உரையில் ஏற்காட்டு வளைவுகளைத் தந்துகியோடு ஒப்பிட்டு, வளைவில் பஸ் வெளிப்பக்கம் தள்ளப்படுவது போல ரத்தமும் தள்ளப்படும் என்றார்கள். கைதட்டல். தப்பு. அது இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவுக்குப் பொருந்தும், அங்கே ரெனால்ட்ஸ் எண், அதாவது பிசுக்குமையைவிட உந்தம் எத்தனை மடங்கு என்ற கணக்கு, ஆயிரக்கணக்கில். தந்துகியில் அது 0.01-க்கும் கீழே. அங்கே உந்தம் என்ற பேச்சே கிடையாது, பிசுக்குமைதான் ராஜா.

அதைவிட ஒரு மாணவியின் சுவரொட்டி ஆயிரம் மடங்கு மேல். 1929-ல் ஃபாரேயஸ் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் கண்டது: குறுகிய குழாய்க்குள் எந்த நேரத்தில் பார்த்தாலும், வெளியே வந்து சேரும் ரத்தத்தில் இருப்பதைவிடச் செல்களின் விகிதம் குறைவு. எப்படி? அந்தப் பெண் மலைப்பாதையை வரைந்திருந்தார். அடிவாரத்திலிருந்து மணிக்கு 40 பைக், 40 லாரி கிளம்புகின்றன. மேலே வந்து சேருவதும் அதே கணக்கு. ஆனால் ட்ரோனில் படமெடுத்தால் பாதையில் லாரிதான் அதிகம் தெரியும், பைக் வேகமாகப் போய்ச் சேர்ந்துவிடுவதால். செல்கள் குழாயின் நடுவில் வேகமாக ஓடும் பைக், ஓரத்துப் பிளாஸ்மா லாரி. 1931-ல் லிண்ட்க்விஸ்டோடு சேர்ந்து அவரே காட்டியது அடுத்த பாதி: குழாய் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ரத்தம் இன்னும் இளகி ஓடும். செல்கள் நடுவுக்கு ஒதுங்கி, சுவரோரம் பிளாஸ்மா மசகு போடுவதால். பரிசு வேறு யாருக்கோ கொடுத்தார்கள்.

ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் பற்றிய அமர்வு மனநிறைவாக இருந்தது. இந்தியாவில் அது முதலில் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952-ல், லேமன், கட்புஷ் இருவராலும். ஆக்சிஜனை உறிஞ்சும் மெட்டாபைசல்பைட் 2% கரைசலை ஒரு சொட்டு ரத்தத்தோடு கலந்து, கவர்சிலிப்பின் ஓரத்தை அடைத்து நுண்நோக்கியில் காட்டினார்கள். கரைசல் அன்றன்றைக்குத் தயாரித்ததாக இருக்க வேண்டும், பழசானால் ஆக்சிஜனை உறிஞ்சாது, நோய் இருந்தும் இல்லை என்றே காட்டும்.

அறை வாடகை சனிக்கிழமை இரட்டிப்பு. மாநாட்டுக்காரர்கள் வியாழனில் தொடங்கி சனியில் முடித்தது ஏனென்று அந்த விடுதி முதலாளியைத்தான் கேட்க வேண்டும். மாணவர்கள் வெள்ளி இரவே இறங்கி, சேலத்தில் தங்கி, காலை பஸ்ஸில் ஏறினால் மிச்சம். சாப்பாட்டுக் கூப்பனை நம்ப வேண்டாம், ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜியே மேல். காகித சுவரொட்டி மூடுபனியில் சுருண்டுகொள்ளும், துணியில் அச்சடியுங்கள்.

இறங்கியதும் சேலத்தில் தட்டுவடை செட் இரண்டு தட்டு. மொறுமொறு தட்டுவடை இரண்டுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, பச்சைச் சட்னி. தெர்மாகோல் பெட்டியைப் பக்கத்தில் வைத்ததும் கடைக்காரக்கா எட்டிப் பார்த்து, "மீனுங்களா தம்பி?" என்றார். இந்த முறை ஆமாம் என்று சொல்லியாகிவிட்டது.