மாமாவின் நாகஸ்வரத்துக்கு வந்த காப்பிரைட் கிளைம்

என் யூடியூப் சேனலில், பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற பஸ் ஓட்டும் விளையாட்டை விளையாடி வீடியோ போடுகிறேன். வண்டிக்கு நம்மூர் அரசுப் பேருந்தின் நிறத்தை ஏற்றிக்கொண்டு, தமிழில் பேசிக்கொண்டே ஓட்டுவேன். பொங்கலுக்குப் போட்ட வீடியோவில், மாமா வாசித்த தியாகராஜர் கீர்த்தனை ஒன்றைப் பின்னணியில் சேர்த்திருந்தேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் வாசிக்க, நானே போனில் பதிவு செய்தது.

ஏற்றிய அரைமணி நேரத்தில் காப்பிரைட் கிளைம், அதாவது பதிப்புரிமை கோரல், வந்துவிட்டது. கேள்விப்பட்டே இராத ஓர் இசை நிறுவனம், அந்த மெலடி தங்களுடையது என்றது. விளம்பர வருமானம் இனி அவர்களுக்கு. சேனலே போய்விடும் என்ற பயத்தில் வீடியோவை அழிக்கவே போய்விட்டேன்.

என்னைப்போல் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. யூடியூபின் கண்டென்ட் ஐடி என்ற தானியங்கி அமைப்பு, நம் வீடியோவை உரிமையாளர்கள் கொடுத்த பதிவுகளோடு பொருத்திப் பார்த்துப் போடுவது கிளைம். பெரும்பாலும் வருமானம்தான் கைமாறும். உரிமையாளர் சட்டப்படி வீடியோவை நீக்கச் சொன்னால் வருவது ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று வாங்கினால் சேனல் போய்விடும்.

கிளைமை முழுதாகப் படிக்கும்முன், விளையாட்டு நிறுவனம்தான் ஏதோ செய்துவிட்டது என்று நினைத்தேன். காட்சிகளின் உரிமை அவர்களுடையதுதானே. பல நிறுவனங்கள் விளையாடும் வீடியோக்களை அனுமதிக்கின்றன, ஆனால் அது அவர்கள் தரும் அனுமதி, நம் உரிமை அல்ல. 2022 ஜனவரியில் பப்ஜி விளையாட்டின் உரிமையாளரான கிராஃப்டன் நிறுவனம், ஃப்ரீ ஃபயர் என்ற விளையாட்டு தங்களுடையதன் நகல் என்று கலிபோர்னியாவில் வழக்குப் போட்டபோது, ஃப்ரீ ஃபயர் வீடியோக்களுக்காக யூடியூபையும் சேர்த்தே இழுத்தது. என் பிரச்சினை பாட்டோடு நின்றது.

மாமாவிடம் சொன்னேன். "நான் வாசிச்சது எப்படி மாப்ள அவங்களுதாகும்?" என்றார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, வருத்தம். அதைக் கேட்டபிறகு விடக்கூடாது என்று உட்கார்ந்து படித்தேன்.

தியாகராஜர் மறைந்தது 1847இல். கீர்த்தனை இன்று யாருக்கும் தனிச்சொத்து இல்லை. ஆனால் ஒரு நிறுவனம் அதை வாசிக்கவைத்து வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு, நம் சட்டப்படி 60 ஆண்டு தனி உரிமை உண்டு. ஆகவே நான் காட்டவேண்டியது இரண்டு: பாட்டு பொதுச்சொத்து, பதிவு என்னுடையது.

மூலக் கோப்பைத் தேடி எடுத்தேன். தொடக்கத்தில் மாமா சீவாளியை (நாகஸ்வரத்தில் வாய்வைத்து ஊதும் பகுதி) நனைத்துக்கொண்டு "போடலாமா?" என்கிறார், நான் "ம், வாசிங்க மாமா" என்கிறேன். நடுவில் தெருவில் ஒரு ஸ்கூட்டர் ஹார்ன். எந்த நிறுவனத்தின் வெளியீட்டில் அந்த ஹார்ன் இருக்கும்? பதிவான தேதி, இடம், வாசித்தவர் யார், அவர் சம்மதம் எல்லாவற்றையும் ஐந்தாறு வரியில் எழுதி, கிளைமை மறுத்து யூடியூபில் டிஸ்ப்யூட் போட்டேன். கிளைம் வந்த ஐந்து நாளுக்குள் போட்டால் முதல் நாளிலிருந்தே வருமானத்தை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைப்பார்கள். நான் மூன்றாம் நாளே போட்டேன்.

பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். 27ஆம் நாள், நிராகரித்துவிட்டார்கள். காரணம் ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது அப்பீல். இங்கேதான் வயிற்றைக் கலக்கியது. அதையும் மறுத்து அவர்கள் வீடியோவை நீக்கச் சொன்னால் ஸ்ட்ரைக். அதை எதிர்க்க கவுண்டர் நோட்டிபிகேஷன் என்ற சட்டப்படியான எதிர் அறிவிப்பு போடவேண்டும், அதில் என் முழுப்பெயரும் முகவரியும் அவர்கள் கைக்குப் போகும். இரண்டு நாள் யோசித்தேன். அடுத்தவர் பாட்டை எடுத்திருந்தால் நிச்சயமாகப் பின்வாங்கியிருப்பேன். அந்த ஹார்னை இன்னொரு தடவை கேட்டுவிட்டு அப்பீலை அனுப்பினேன்.

அப்பீலுக்கு அவர்களுக்கு ஏழு நாள்தான் அவகாசம். பதில் சொல்லவே இல்லை. எட்டாம் நாள் காலையில் கிளைம் விலகியதாக மெயில் வந்தது, நிறுத்திவைத்த வருமானமும் என் கணக்குக்கே திரும்பியது. அதில் மாமாவுக்குச் சீவாளி வாங்கிக் கொடுத்தேன். வீடியோ விளக்கத்தில் இப்போது முதல் வரியாக அவர் பெயர் இருக்கிறது.