கோர்ட் ரிப்போர்ட்டர் பயிற்சி: கை எங்கே தயங்குகிறது?

நம்மூர் கோர்ட்டில் சுருக்கெழுத்தர் பெரும்பாலும் நீதிபதி சொல்லச் சொல்ல எழுதுபவர். அமெரிக்காவில் கோர்ட் ரிப்போர்ட்டரின் வேலை வேறு. சாட்சி, இரு தரப்பு வக்கீல்கள், நீதிபதி என யார் வாய் திறந்தாலும் ஒரு சொல் விடாமல் பதிவாக வேண்டும். அங்குள்ள தேசியச் சங்கமான என்.சி.ஆர்.ஏ. தரும் ஆர்.பி.ஆர். சான்றிதழுக்கு, தொழில் அறிவைச் சோதிக்கும் எழுத்துத் தாள் போக, மூன்று வேகத் தேர்வுகள்: உரைநடை நிமிடத்துக்கு 180 சொல், ஜூரிக்கு நீதிபதி தரும் விளக்கம் 200, சாட்சி விசாரணை 225. ஒவ்வொன்றும் 5 நிமிடம். அதைப் படியெடுக்க 75 நிமிடம். 95 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. கலிஃபோர்னியாவின் உரிமத் தேர்வு இன்னும் கறார்: நான்கு குரல்கள், 200 சொல் வேகம், 10 நிமிடம், 97.5 சதவீதம். அதாவது 2,000 சொல்லில் 50 பிழைக்கு மேல் போகக்கூடாது.

இவர்கள் எழுதும் ஸ்டெனோ மெஷினில் 22 விசைகளும் எண்களுக்கான ஒரு பட்டையும்தான். எழுத்தெழுத்தாகத் தட்டுவதில்லை. ஹார்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பதுபோல, ஓர் அசைக்கான விசைகளை ஒரே அழுத்தில் அழுத்த வேண்டும். இடது கை அசையின் முதல் மெய்யை எழுதும், கட்டைவிரல்கள் உயிரை, வலது கை ஈற்று மெய்யை. இடப்பக்கம் பல எழுத்துகளுக்குத் தனி விசை கிடையாது. ‘எம்’ வேண்டுமானால் ‘பி’, ‘ஹெச்’ இரண்டையும் சேர்க்க வேண்டும். ‘மில்’ என்று எழுத அந்த இரண்டு, ‘ஐ’க்காக ‘ஈ’, ‘யு’, வலப்பக்கம் ‘எல்’ என ஐந்து விசை, ஒரே அழுத்து.

இந்த அடிப்படையைத் ‘தியரி’ என்பார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பிடிக்கும். ஃபீனிக்ஸ் தியரி சொற்களை ஒலிப்படி முழுதாக எழுதச் சொல்லும். மேக்னம் ஸ்டெனோ முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே அழுத்துக் குறுக்கங்களாக்கும். எது சிறந்தது என்று ஓயாத சண்டை நடக்கிறது. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர் திருத்தித் தரக்கூடியது எதுவோ அதை எடுத்துக்கொண்டு, பாதியில் மாறாமல் இருப்பதே மேல். ஒரு சொல்லுக்கு இரண்டு வழி கையில் இருந்தால், எதை எழுதுவது என்று யோசிப்பதற்குள் வக்கீல் நான்கு சொல் தாண்டிப் போயிருப்பார்.

உண்மையான சோதனை அதன் பிறகு, வேகம் ஏற்றும் கட்டத்தில். பள்ளிகள் பொதுவாக 20 சொல் இடைவெளியில் படி வைத்திருக்கும். பலரும் விட்டுவிட்டுப் போவது இந்தக் கட்டத்தில்தான். மாதக்கணக்கில் ஒரே படியில் நின்றுவிட்டால் விரல் மெதுவாக இருக்கிறது என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் ஐம்பது, அறுபது சொற்களில் மட்டும் தயக்கம் இருக்கும். எழுதிய குறிப்பைத் திரும்பப் படித்தால் அவை தெரியும்: விடுபட்ட சொல்லுக்கு முந்தைய சொல்தான் குற்றவாளி. அதைத் தனியே எடுத்து, யோசிக்காமல் கை போகும்வரை எழுத வேண்டும். குறிப்பைத் திரும்பப் படிக்கச் சலிப்பு வரும்; ஆனால் அதைத் தவிர்ப்பவர்கள் அதே படியிலேயே வெகுநாள் நிற்கிறார்கள்.

இன்னொரு பக்கம், வசதியான வேகத்தைவிட 20, 30 சொல் கூடுதலான ஒலிப்பதிவை ஒரு நிமிடம் மட்டும் துரத்திவிட்டு, பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டும். துரத்தும்போது சொல் விடுபடலாம், கை நிற்கக்கூடாது. நாள் முழுதும் துரத்திக்கொண்டே இருந்தால் எழுத்து குப்பையாகிவிடும். தினமும் இரண்டு, மூன்று மணி நேரத்தைச் சிறு அமர்வுகளாகப் பிரிப்பது நல்லது.

பிழைகளில் மூன்று ரகம் அடிக்கடி வரும். இரண்டு அழுத்துகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டால், முதல் அழுத்தை முழுதாக விடுவதற்குள் அடுத்தது போகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து விரல்களை ஒன்றாகத் தூக்கப் பழக வேண்டும். அழுத்தாத விசை நிழலாய்ப் பதிவானால், விரல் அதன்மேல் சாய்ந்திருக்கிறது. விசையின் ஆழத்தையும் இறுக்கத்தையும் மெஷினிலேயே சரிசெய்யலாம். ஆனால் வாரத்துக்கொரு முறை மாற்றினால் கை எதற்கும் பழகாது. மூன்றாவது, ஒரே ஒலியுள்ள இரு சொற்களுக்கு ஒரே அழுத்து வைத்திருப்பது. நட்சத்திர விசையைச் சேர்த்தோ உயிரை மாற்றியோ தொடக்கத்திலேயே பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் உடனுக்குடன் திரையில் வரும் எழுத்தைப் பார்க்கும் நீதிபதிக்கு முன்னால் தப்பான சொல் ஓடும்.

அழுத்துகளை ஆங்கிலமாக்குவது கணினி மென்பொருளில் உள்ள சொந்த அகராதி. விசாரணைக்கு முந்தின நாளே வழக்கின் பெயர்கள், மருத்துவச் சொற்கள், மருந்துப் பெயர்களை அதில் ஏற்றிவிட வேண்டும். யார் பேசுகிறார் என்று குறிக்க, கேள்விக்கு ஓர் அழுத்து, பதிலுக்கு ஓர் அழுத்து, ஒவ்வொரு வக்கீலுக்கும் தனி அழுத்து. சாட்சி தலையை மட்டும் ஆட்டினால் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்கவும், இருவர் ஒரே நேரத்தில் பேசினால் நிறுத்தவும் பயிற்சிக் காலத்திலேயே பழக வேண்டும்.

ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்த நமக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. மெஷினில் எழுதுவது அமெரிக்க உச்சரிப்பின் ஒலியை. எழுத்துக்கூட்டல் கண்முன் வந்தால் கை குழம்பும்.

புதிய தொழில்முறை மெஷின் ஐயாயிரம் டாலருக்கு மேல் போகும். மாணவர்கள் வாடகைக்கோ பழையதோ எடுப்பதே வழக்கம். அதற்கும் முன்னால், என்.சி.ஆர்.ஏ.வின் ‘ஏ டு இசட்’ அறிமுக வகுப்பில் ஸ்டெனோ எழுத்துகளைப் பழகிப் பார்க்கலாம். கணினி கீபோர்டையே ஸ்டெனோ மெஷின்போல் பயன்படுத்த ‘ப்ளோவர்’ என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. அதற்கு எல்லா விசைகளையும் ஒரே நேரத்தில் ஏற்கும் கீபோர்டு வேண்டும். சாதாரண கீபோர்டில் பல விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சில பதிவாகாமல் போகும், பிழை நம் கையில் என்று தேடிக்கொண்டிருப்போம்.