லேலேயில் ஒரு மே மாதம்

12 மே 2024, ஞாயிறு. சுனௌலி

நேபாளத்தில் லேலே என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்கு எங்கள் சபைகள் அனுப்பிய குழு நாங்கள். எல்லை என்றதும் ஏதோ பெரிதாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். ஒரு வளைவு, வரிசையாக லாரிகள், சைக்கிள் ரிக்‌ஷாக்கள், மூக்கை அடைக்கும் புழுதி. வாக்காளர் அட்டையைக் காட்டினோம், போகச் சொல்லிவிட்டார்கள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை.

கோரக்பூரிலிருந்து ஜீப்பில் வரும் வழியில் நௌதன்வா என்ற பலகையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நேபாளத்துக்குள் மிஷனரிகளை விடாத காலத்தில் டாக்டர் லில்லி ஓஹான்லனும் ஹில்டா ஸ்டீலும் இந்த ஊரில்தான் மருந்தகம் நடத்திக்கொண்டு காத்திருந்தார்கள். வருஷக்கணக்காக. 1951இல் ராணா குடும்பத்தின் ஆட்சி போன பிறகு, 1952 நவம்பரில்தான் பொக்காராவுக்கு நடந்து போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் என்னவென்றால் ரயில் தாமதம் என்று விஜயவாடாவில் ஆரம்பித்த புலம்பலை இன்னும் முடிக்கவில்லை.

டீக்கடையில் லீடர் அண்ணன் மறுபடியும் சட்டத்தைச் சொன்னார். 2015 அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு மதமாற்றத்தைத் தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறை. வெளிநாட்டவர் என்றால் அதற்கப்புறம் நாடு கடத்தல். துண்டுப் பிரதி கிடையாது, தெருவில் பாட்டு கிடையாது, நோயாளியிடம் நாமாக ஆரம்பித்து இயேசுவைப் பற்றிப் பேசுவது கிடையாது. தம்பி ஒருவனின் பைக்கு அடியில் நேபாளித் துண்டுப் பிரதிகள் ஒரு கட்டு இருந்தது. அதைக் கோரக்பூரிலேயே ஒரு வீட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

"அப்ப நாம எதுக்குண்ணே போறோம்?" என்று அவன் கேட்டான். அவன் பி.காம்., எங்களைப் போல மருத்துவப் படிப்பு இல்லை. அவனுடைய சபை அவனை அனுப்பியதே சுவிசேஷம் சொல்லத்தான். அண்ணன் டீக்குக் காசு கொடுக்க எழுந்து போய்விட்டார்.

14 மே, செவ்வாய். லேலே

காட்மாண்டு தாண்டி லலித்பூரின் தெற்கே மலைப்பாதை. ஆனந்தபன் மருத்துவமனை சரிவில் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. 1957இல் இதைத் தொடங்கியது லெப்ரசி மிஷன். நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் தொழுநோயாளிகள் இங்கே வருகிறார்கள். புதிதாக நோய் வந்தவர்களைவிட, மருந்து முடித்து நோய் போன பிறகும் புண்ணோடு திரும்பத் திரும்ப வருபவர்களைத்தான் வார்டில் அதிகம் பார்த்தோம்.

பிசியோதெரபி அறையில் இருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும் "சாப்பிட்டாச்சா?" என்றார். அசல் வேலூர்த் தமிழ். வேலூர் பக்கத்துக் கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையில் பயிற்சி எடுத்தவராம். இனி இவர்தான் எங்களுக்கு எல்லாம். ஆளுக்கு ஒரு ஹிந்தி, அவருக்குக் கொஞ்சம் தமிழ், மீதிக்குக் கை.

காலைச் சாப்பாடு பத்து மணிக்கு. தால் பாத். ராத்திரியும் தால் பாத்.

16 மே, வியாழன்

இன்று கையில் பிடித்த முதல் கால் ஓர் ஆமாவுடையது. வயதான பெண்களை எல்லோரும் ஆமா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாம் அம்மா என்பதுபோல. தமாங் இனத்தவர். எழுபதுக்கு மேல் இருக்கும். வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவில் புண், சுற்றிலும் தடித்த காய்ப்பு. அதோடு மலை இறங்கி, பஸ் பிடித்து, மறுபடி மலை ஏறி வந்திருக்கிறார். நொண்டவே இல்லை. வலித்தால்தானே நொண்டுவதற்கு.

வகுப்பில் நூறு தடவை படித்ததுதான். தொழுநோய் விரலைத் தின்பதில்லை. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போய்விடுகிறது, அப்புறம் முள்ளும் சூடும் செருப்பில் விழுந்த கல்லும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இதை நோயாளிகளின் கைகளை வைத்தே காட்டினார். கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய அறுவைச் சிகிச்சைகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, எங்கள் பக்கத்து மாணவர்களுக்கு அது ஊர்ப் பெருமை மாதிரி ஆகிவிட்டது.

கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையைப் பாதத்தில் பத்து இடங்களில் வளையும் வரை அழுத்த வேண்டும். பட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். இடது காலில் குதிகாலில் மட்டும் "ஹோ" என்றார். வலது காலில் ஒன்றும் இல்லை. நான் இழையை எடுத்து வைத்த பிறகும் ஆமா கண்ணை மூடியபடி, நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று காத்துக்கொண்டிருந்தார்.

18 மே, சனி

இங்கே ஞாயிறு வேலை நாள், சனிதான் விடுமுறை. அதனால் ஆராதனையும் சனிக்கிழமை. செருப்பை வெளியே விட்டு, கம்பளத்தில் ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம். மாதல் மேளம் அடித்தார்கள். கும்பிட்டு "ஜெய மசீ" என்றார்கள். ஒரு வார்த்தை புரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், சலிக்கவில்லை.

1951 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் ஒரு கிறிஸ்தவர்கூடப் பதிவாகவில்லை. 2021இல் 5,12,313 பேர், மக்கள் தொகையில் 1.76 சதவீதம். பெரும்பாலும் நேபாளிகள் நேபாளிகளுக்குச் சொல்லி வந்தது. இடையில் பாஸ்டர்கள் சிறை போயிருக்கிறார்கள். நாம் வந்து இரண்டு வாரம் கிடார் வாசித்துச் சேர்க்க வேண்டிய நிலையில் இந்தச் சபை இல்லை என்று எனக்குத் தோன்றியது. தம்பி சோர்ந்து போய் இருந்தான். பிரசங்கத்துக்கு அவனைக் கூப்பிடுவார்கள் என்று ஒன்று தயார் செய்து வைத்திருந்தான்.

19 மே, ஞாயிறு

ஊரில் பெந்தெகொஸ்தே நாள். இங்கே காலை முழுவதும் பிளாஸ்டிக் தொட்டி.

சுயபராமரிப்பு வகுப்பு: சாதாரணத் தண்ணீரில் கால்களை இருபது முப்பது நிமிடம் ஊற வைப்பது, காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்ப்பது, துடைக்காமல் ஈரத்தோடு எண்ணெய் தடவுவது, பிறகு புண் இருக்கிறதா என்று தேடுவது. தினமும். ஆயுள் முழுக்க. வியர்வை நரம்பும் போய்விடுவதால் தோல் காய்ந்து வெடிக்கும், அந்த வெடிப்பில்தான் புண் தொடங்கும்.

நாங்கள் தொட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்ததும் லீடர் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. யோவான் 13, இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய பகுதி. சாயந்திர தியானத்தில் அதைத்தான் எடுக்கப் போகிறேன் என்றார். கரிகிரிப் பெரியவரும் விசுவாசிதான். சிரித்துக்கொண்டே ஹிந்தியில் சொன்னார்: "நீங்கள் கழுவாதீர்கள். அவர்களே கழுவட்டும். நீங்கள் போன பிறகு யார் கழுவுவது?"

ஆகவே நாங்கள் யாருடைய காலையும் கழுவவில்லை. கல்லைப் பிடிக்க முடியாத மடங்கிய விரல்காரருக்குக் கல்லில் துணி சுற்றிப் பிடி கட்டிக் கொடுத்தோம். அண்ணன் நன்றாகவே கட்டினார். சாயந்திரம் வேறு பகுதி வாசித்தார்.

22 மே, புதன்

நேற்று நடந்ததை எழுதாமல் விட்டால் தூக்கம் வராது.

ஆமா தானாகவே கேட்டார். உங்கள் கடவுளிடமும் என் காலைப் பற்றிச் சொல்லுங்கள் என்று. கேட்டால் ஜெபிக்கலாம், அதில் தடையில்லை. ஆனால் தம்பி ஜெபித்த விதம்! முழங்காலில் நின்று, ஊர்க் கூட்டத்தில் ஜெபிப்பதுபோல உரக்க, கண்ணீரோடு, இந்த நிமிஷமே உணர்ச்சி வரட்டும் என்று கட்டளை கொடுத்து. வார்டே திரும்பிப் பார்த்தது. இன்று காலை அவனே என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, "அக்கா, அந்த இழையை வச்சுப் பாருங்க" என்றான். பார்த்தேன். வலது கால், பத்து இடம், ஒன்றுமில்லை. "இன்னொரு தடவை" என்றான். மறுபடியும் பார்த்தேன்.

ஆமா கண்ணைத் திறந்து பெரியவரிடம் ஏதோ கேட்டார். அவர் மொழிபெயர்த்தார்: "நேற்று அந்தப் பையன் வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா? அப்படி அழுதானே." தம்பிக்குச் சிரிப்பும் வரவில்லை அழுகையும் வரவில்லை. பிறகு ஆமா அவனை உட்கார வைத்து, தன் பையிலிருந்து ஒரு பிடி வறுத்த சோளம் கொடுத்தார்.

ராத்திரி பெரிய விவாதம். விசுவாசம் போதவில்லை என்றாள் அறைத்தோழி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாருடைய விசுவாசம்? ஆமாவுடையதா? ஏற்கெனவே ஊர் அவரைப் பாவத்தின் பலன் என்று ஒதுக்கி வைத்தது, இப்போது நாமும் அதையே வேறு பாஷையில் சொல்வதா? செத்த நரம்பைக் கர்த்தர் உயிர்ப்பிக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. அவரால் முடியும். ஆனால் 1981இலிருந்து கூட்டு மருந்து இருக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் கிருமி போய்விடுகிறது, சீக்கிரமே ஆரம்பித்தால் நரம்பும் தப்பிவிடுகிறது. அந்த மருந்து அட்டையை ஆமாவின் பேத்திக்கு நேரத்தோடு கிடைக்கச் செய்யும்படி ஜெபிக்க நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லையே, அது ஏன்? இதைக் கேட்டதும் யாரும் பேசவில்லை. அண்ணன் மட்டும், "சரி, அந்தக் குடும்பத்தில் எல்லோரையும் பரிசோதித்தார்களா என்று நாளைக்குக் கேளு" என்றார்.

24 மே, வெள்ளி

கேட்டேன். வீட்டில் எல்லோரையும் பார்த்திருக்கிறார்கள். பேத்தியின் முதுகில் உணர்ச்சியில்லாத ஒரு தேமல், போன வருஷமே மருந்து முடித்துவிட்டாள். நாங்கள் வருவதற்கு வெகு முன்னாலேயே இதை யாரோ செய்து முடித்திருக்கிறார்கள்.

நேற்று புத்த பூர்ணிமா. ஆமா தன் கட்டில் பக்கத்தில் ஒரு படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றியிருந்தார். தம்பி அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் போய் அவருடைய தொட்டிக்குத் தண்ணீர் பிடித்து வந்தான்.

27 மே, திங்கள்

செருப்புப் பட்டறை. இங்கே எனக்குப் பிடித்த இடம் இதுதான். எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர் வேலூரில் எங்களுக்குப் பழகியது, விரலால் அழுத்தினால் அமுங்கி மேலே வரும். அதன் மேல் ஆமாவின் பாத அச்சை வரைந்து, புண் இருந்த இடத்துக்கு நேரே குழித்து, அடியில் கெட்டி ரப்பர் ஒட்டுகிறார்கள். ஆணி அடிக்கக் கூடாது, தெறித்தால் காலுக்குத் தெரியாது. தம்பி பசை தடவினான். பி.காம். படித்தவனுக்கு இங்கேதான் வேலை கிடைத்தது. இரண்டு நாளாகக் கணக்கு நோட்டையும் அவனே எழுதுகிறான்.

பக்கப்பட்டைக்கு எந்த நிறம் என்று ஆமாவைக் கேட்டார்கள். தொழுநோய்ச் செருப்பு என்று பார்த்தவுடன் தெரியக் கூடாது, கடைச் செருப்பு மாதிரி இருக்க வேண்டும் என்றார். ஊருக்குள் அதைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டுமே. அவர்களும் அப்படியே செய்து கொடுத்தார்கள்.

30 மே, வியாழன்

நாளை மறுநாள் கிளம்புகிறோம். அனுப்பிய சபைக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கைப் படிவத்தை அண்ணன் ஆளுக்கொன்று தந்தார். 'சுவிசேஷம் கேட்டோர்', 'இரட்சிக்கப்பட்டோர்', 'ஞானஸ்நானம் பெற்றோர்'. மூன்றுக்கும் கட்டம். இந்தப் படிவத்தை யார் எந்தக் காலத்தில் அச்சடித்தார்களோ.

என் பயணச் செலவில் பாதி எங்கள் ஊர்ப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக் காசு. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி காணிக்கைக்கு எடுத்து வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோதும் வெளிநாட்டுக் காசு வேண்டாம், நம் காசில் நம் ஆட்களை அனுப்புவோம் என்றுதான் தொடங்கினார்கள். அந்தக் காசுக்கு நான் கணக்குச் சொல்லியாக வேண்டும். வெற்றுக் கட்டத்தோடு போனால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் உண்மையாகவே இருந்தது.

எங்கள் சபைப் போதகரின் மனைவி ஐயரம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் போன் செய்தேன். ஆமா, இழை, தொட்டி, செருப்பு எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை லைன் போய்விட்டது. கடைசியில், இந்த மூன்று கட்டத்திலும் என்ன எழுத என்று கேட்டேன்.

"கோடு போட்டு விட்டுரு," என்றார். "அந்தச் செருப்பு ஒரு ஜோடி எவ்வளவு ஆகுதுன்னு மட்டும் தெளிவா எழுதிக் கொண்டா. நம்ம ரூபாயில எழுது, அவங்க ரூபாயில எழுதாத. சங்கத்துல யாருக்கும் மாத்திப் பார்க்கத் தெரியாது."

தம்பியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவனுடைய ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன, காலையில் கேட்க வேண்டும்.