வாயைத் திறந்தபடி மூன்றாவது ஆள்

"சார், முப்பத்தாறு ஆடுது."

பல் மருத்துவப் படிப்பில் மூன்றாம் வருடம், நோயாளிகள் பிரிவில் என் முதல் வாரம். பேராசிரியர் கேஸ் ஷீட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. "மனுஷனுக்கு இருக்கிறதே முப்பத்திரண்டு. மிச்சம் நாலை எங்கேயிருந்து கொண்டு வந்தீங்க, டாக்டர்?"

எங்கள் கல்லூரியில் ஒரு மாணவனை 'டாக்டர்' என்று கூப்பிட்டால் அடுத்து அடி விழப்போகிறது என்று அர்த்தம்.

தவறு சின்னதுதான். பல் எண்ணில் முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதைச் சொல்லும். இரண்டாவது, நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதை. 36 என்றால் இடது கீழ்த்தாடையில் ஆறாவது, அதாவது முதல் கடைவாய்ப்பல். 'மூணு, ஆறு' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நான் அசடு வழிந்துகொண்டு நின்றபோது, நாற்காலியில் படுத்திருந்த பெரியவர் என் கையிலிருந்த வாய்க்கண்ணாடியை மெல்ல ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "தம்பி, எனக்கு மொத்தமே ஏழு பல்லுதான் இருக்கு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அன்றைக்குப் பேராசிரியரே சிரித்துவிட்டார். மற்றப் படிப்புகளில் வகுப்பறை நகைச்சுவை என்றால் ஆசிரியர் ஒருபக்கம், மாணவர் ஒருபக்கம். எங்களுக்கு நடுவில் வாயைத் திறந்தபடி மூன்றாவதாக ஒருவர் படுத்திருப்பார். எல்லாம் அவர் காதில் விழும். பதில் மட்டும் சொல்ல முடியாது. வாயிலிருந்து எங்கள் கையை எடுத்த அடுத்த நொடி அவர் சொல்வதுதான் அன்றைய தினத்தின் சிறந்த வசனமாக இருக்கும்.

முதல் இரண்டு வருடம் அந்த ஆள் கிடையாது, மெழுகுதான். மெழுகுக்கட்டியைச் செதுக்கிப் பல் செய்ய வேண்டும். என் முதல் முன்பல்லைக் கையில் வாங்கிய மேடம், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவர் உயிரோட இருக்காரா?" என்று மட்டும் கேட்டார். இன்னொருவன் கீழ்க்கடைவாய்ப்பல்லைச் செதுக்கும்போது ஓரத்தில் ஒரு துண்டு மெழுகு தெரியாமல் ஒட்டிக்கொண்டது. மேடம் அதைச் சுட்டி என்னவென்று கேட்க, அவன் கொஞ்சமும் யோசிக்காமல் "காரபெல்லி மேடுங்க மேடம்" என்றான். அப்படி ஒரு சின்ன முகடு சிலருக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவிலிருந்த காரபெல்லி என்ற மருத்துவரின் பெயர் அதற்கு. ஆனால் அது இருப்பது மேல்தாடை முதல் கடைவாய்ப்பல்லில், அண்ணத்தைப் பார்த்த பக்கத்தில். மேடம் பல்லைத் திருப்பிக் கொடுத்தார். "பாவம், மேல் மாடியில குடியிருந்தவரு. வாடகை பாக்கின்னு கீழே இறக்கிட்டியா?" எனக்கு இன்றுவரை காரபெல்லி மறக்கவில்லை. அந்தப் பாடத்தில் மற்றதெல்லாம் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவான ஆல்ஜினேட்டை ஒருத்தி வெந்நீரில் கலந்துவிட்டாள். சூடு கூடினால் சீக்கிரம் இறுகிவிடும். டிரேயில் அள்ளுவதற்குள் கிண்ணத்திலேயே கெட்டியாகிவிட்டது. "கிண்ணத்துக்கு அளவெடுத்தாச்சு, சரி. பல்செட் எப்ப கட்டித் தரப்போற?" என்றார் சார்.

பல்செட் என்றதும் சொல்ல வேண்டியது, அதற்கான நோயாளியைத் தேடும் படலம். ஒரு பல்கூட இல்லாத ஒருவரை நாங்களே பிடித்துவர வேண்டும். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, யாராவது தாத்தா கொட்டாவி விட்டால் ஆசையாக எட்டிப்பார்த்த நாட்கள் உண்டு. என் நண்பன் அந்தச் சிரமமே வேண்டாமென்று சொந்தப் பாட்டியைக் கூட்டிவந்துவிட்டான். மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கும் நாளில் உச்சரிப்பைச் சோதிக்க வேண்டும். புத்தகத்தில் போட்டபடி அவன், "பாட்டி, சிக்ஸ்டி சிக்ஸ் சொல்லு" என்றான். பாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பின்னாலிருந்து சாரின் குரல் வந்தது: "அம்மா, உங்க ஊருக்குப் போற பஸ்ல கண்டக்டர் என்னன்னு கூவுவாரு?"

பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாத்தூர், சிவகாசி, சங்கரன்கோயில்!"

சிவகாசியில் ஒரு விசில் கேட்டது. முன்பற்களைச் சரிசெய்துவிட்டு மறுபடி கூவச் சொன்னோம். அந்த மெழுகைச் சாக்கிட்டுப் பாட்டி தென்மாவட்டம் பூராவும் சுற்றி வந்தார். நான் இப்போது என் மாணவர்களுக்கும் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறேன். ஊர்ப்பெயர்தான் மாறும்.

ஊசி விஷயத்தில் ஒருமுறை நானே மாட்டினேன். கீழ்த்தாடை மரத்துப்போக ஊசி போட்டபின் அந்தப் பக்க உதடு மரத்திருக்க வேண்டும். நான் அந்த அம்மாவிடம், "உதடு பெருசான மாதிரி இருக்காம்மா?" என்றேன். அவர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, இடமும் வலமும் பார்த்துவிட்டு, "இல்லையே, அப்படியேதான் இருக்கு" என்றார். மருந்து வேலை செய்யவில்லை என்று இரண்டாவது ஊசிக்குத் தயாராகிவிட்டேன். சார் வந்து புரோப் என்ற மெல்லிய கருவியால் ஈறைக் குத்திப் பார்த்தார். அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. "அவங்க பாத்ததைச் சொன்னாங்க, நீ கேட்டது உணர்ச்சியை" என்றார். இதில் கேலி இல்லை. அதனாலோ என்னவோ அதிகமாக உறைத்தது.

எல்லாக் கேலியும் இப்படி நல்லபடியாக முடிந்ததில்லை. தமிழ் வழியில் படித்துவந்த ஒருத்தி வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஆங்கிலத்தில் தடுமாறியபோது ஒரு பரிசோதகர் அதே உச்சரிப்பில் திருப்பிச் சொல்லிக் காட்டினார். நாங்களும் சிரித்தோம். அவளுக்கு விடை தெரியும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது நான் ஆசிரியர் பக்கம் நிற்கிறேன். வாய் சும்மா இருப்பதில்லை. போன வருடம் ஒரு மாணவன் முதல்முறையாகப் பல் எடுக்கிறான். 'முதல்முறை' என்ற சொல் நோயாளி காதில் விழக்கூடாது என்பது எழுதப்படாத விதி. அதைக் காப்பாற்றினேன். மற்றதையெல்லாம் பேசினேன். பல்லை நெம்பும் எலிவேட்டரை அவன் பிடித்திருந்ததைப் பார்த்து, "கொத்தனார் கரண்டியா அது?" பல் பிடுங்கும் குறடான ஃபோர்செப்ஸை அவன் மாற்றி எடுத்தபோது, "அது மேல்தாடைக்கு; பேஷண்டைத் தலைகீழாப் போடுவோமா?" பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவன் கை நடுங்கியது. நான் அதற்கும் ஏதோ சொன்னேன். ஒருவழியாகப் பல் முழுசாக, வேர் உடையாமல் வந்தது.

காயத்தில் பஞ்சு வைத்து, அரைமணி நேரம் இறுக்கிக் கடிக்கச் சொன்னோம், பேசக்கூடாது. லாரி ஓட்டும் ஆள் அவர். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன். சரியாக அரைமணி கழித்து, பஞ்சைத் துப்பிவிட்டு, கன்னத்தைப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"தம்பி நல்லாத்தான் எடுத்துச்சு, சார். நீங்கதான் பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே இருந்தீங்க."